கீழ்ச்சரிவில் நடந்த பெண்

சிலை காணாமல் போனால் போலீஸிடம் போகலாம். உடைந்து போனால் கொத்தனாரைக் கூப்பிடலாம். சிலை நடக்கிறது என்றால் யாரிடம் போவது? அந்தச் சிற்பப் பூங்காவின் இயக்குநர் இரண்டு நாள் யோசித்துவிட்டு பாஸுக்கு போன் செய்தார்.

பாஸ் ஒரு துப்பறியும் அலுவலகத்தின் சொந்தக்காரி. தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. இரண்டாவது நாற்காலியில் உட்காருபவன் ரேடியோ. பேச ஆரம்பித்தால் நிறுத்தும் குமிழ் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாததால் வந்த பெயர் அது. அவன் பாஸின் உதவியாளன். தாலி கட்டிய கணவனும்கூட. வேலை நேரத்தில் "பாஸ், நீங்க", வீட்டில் "ஏம்மா, நீ" என்று இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. இரண்டு இடத்திலும் கடைசி வார்த்தை அவளுடையது என்பதற்கு ஒப்பந்தம் தேவைப்படவில்லை.

பேருந்து அவர்களை வயல்களுக்கு நடுவில் இறக்கிவிட்டுப் புழுதியோடு போய்விட்டது. குடை, பை, வெந்நீர் பிளாஸ்க் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ரேடியோ பின்னால் வந்தான். பூங்காவுக்குக் கதவு பெரிது, சுவர் கிடையாது. உள்ளே ஒரு குன்று, அதன் சரிவெல்லாம் புல், புல்லில் அங்கங்கே சிற்பங்கள். முதல் சிற்பம் கம்பியும் தகடுமாகப் பின்னிக் கிடந்தது.

"பழைய இரும்பு ஏத்திட்டு வந்த வண்டி கவிழ்ந்த இடம் போல இருக்கு, பாஸ். அடிபட்டவங்களை எடுத்தாச்சா?"

"பக்கத்துல பலகை இருக்கு. படிங்க."

"'மௌனம்.'" ரேடியோ இரண்டு முறை படித்தான். "மௌனத்துக்கு இவ்வளவு இரும்பா? நம்ம வீட்டுல உங்க பார்வை ஒண்ணே போதுமே."

பாஸ் அந்தப் பார்வையைக் காட்டினாள். ரேடியோ சிறிது நேரம் சிற்பமானான்.

இயக்குநர் சரிவில் வேகமாக இறங்கி வந்தார். ஒட்டடைக்கம்பு போல உயரம். இடுப்பில் சாவிக்கொத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அளவு டேப். வணக்கம் சொல்வதற்கு முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"வாங்க, அவ நின்னுட்டிருக்கப்பவே பார்த்துடுங்க."

"உட்காரவும் செய்வாளா சார்?" என்றான் ரேடியோ.

இயக்குநர் சிரிக்கவில்லை. அவர்களைக் கீழ்ச்சரிவுக்கு அழைத்துப் போனார். அங்கே வெண்கலத்தில் ஒரு பெண், ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக, ஒரு தட்டைக் கல்லின் மேல் நின்றிருந்தாள். ஒரு பாதம் முன்னால், ஒரு குதிகால் தூக்கியபடி, வலது கை எதையோ தொடப் போவதுபோல் நீண்டிருந்தது. நீண்ட விரல்களுக்கு எதிரே, ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில், பூங்காவின் எல்லை வேலி. மரக் கம்பங்களும் கம்பியுமாய்ச் சாதாரண வேலி. அந்தப் பக்கம் முழுக்கக் கார்கள்.

சிலையைச் சுற்றி ஒரு கூட்டம். குழந்தைகள் அவள் கண்ணையே பார்த்தபடி, இமைக்காமல் இருக்கப் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டனார் மடக்கு நாற்காலியே கொண்டு வந்திருந்தார்.

"'நடக்கும் பெண்'னு சிற்பி பேர் வெச்சார். அவ நிஜமாவே நடக்க ஆரம்பிச்சுட்டா," என்றார் இயக்குநர். "முன்னாடி இவளுக்கும் வேலிக்கும் நடுவுல ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைங்க கூட்டமே நின்னு போட்டோ எடுத்துக்கும். திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஒவ்வொரு செவ்வாயும் வந்து பார்த்தா வேலிக்குக் கிட்ட வந்திருக்கா. நானே அளந்திருக்கேன். அளவு பொய் சொல்லாது."

"யார் மேல சந்தேகம்?" என்றாள் பாஸ்.

"சந்தேகமே இல்லை. காவல்காரம்மாதான். இதைத் தூக்கணும்னா சங்கிலி போட்ட சக்கர வண்டி வேணும். வண்டிக் கொட்டகைச் சாவி அந்தம்மா இடுப்புல. கொஞ்சம் கொஞ்சமா வேலிகிட்ட தள்ளி வெச்சுட்டு, ஒரு திங்கட்கிழமை அந்தப் பக்கம் லாரியில ஏத்திடுவாங்க. சாயங்காலத்துக்குள்ள பூங்கா குடுத்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருக்கேன். சிற்பி கேட்டா காட்ட எனக்கு ஆதாரம் வேணும், அவ்வளவுதான்."

"தீர்ப்பு எழுதியாச்சு, வழக்கு மட்டும்தான் பாக்கி," என்று ரேடியோ பிளாஸ்க்கிடம் சொன்னான்.

பாஸ் செருப்பைக் கழற்றினாள். சிலைக்குப் பின்னால் போய்ப் புல்லில் மண்டியிட்டாள். பிறகு குப்புறப் படுத்தேவிட்டாள். கன்னத்தைத் தரையில் வைத்து, சிலை நின்ற கல்லிலிருந்து சரிவின் மேல்பக்கம்வரை புல்லைக் கண்ணால் மேய்ந்தாள். குழந்தைகள் வெண்கலப் பெண்ணை விட்டுவிட்டு இவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இந்தம்மா என்ன சிற்பம்?" என்று ஒரு சிறுமி ரேடியோவைக் கேட்டாள்.

"'கோபம்', பாப்பா. கிட்டப் போகாதே."

*

காவல்காரம்மாவின் வீடு கதவோடு ஒட்டிய இரண்டு அறை. வாசலில் அவளே நின்றிருந்தாள், காக்கிச் சட்டையின் கடைசிப் பொத்தான்வரை பூட்டி. உள்ளே ஒரு கட்டிலும், கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த ஒரு ஆளின் முதுகும் தெரிந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஊன்றுகோல்.

"சாவி இந்தா இருக்கு. எடுத்துக்கங்க," என்று பாஸ் கேட்பதற்கு முன்பே நீட்டினாள். "கொட்டகையைத் திறந்து பாருங்க. வண்டியில சிலந்தி கூடு கட்டியிருக்கு. இயக்குநர் அய்யாகிட்டயும் சொன்னேன். சிலந்தியைக்கூட நான்தான் கூலிக்கு வெச்சேன்னு நினைச்சிருப்பார்."

"திங்கட்கிழமை நீங்க எங்க இருப்பீங்க அக்கா?" என்றான் ரேடியோ.

"ஆஸ்பத்திரியில, தம்பி. இவருக்குக் கால் பயிற்சி. இந்தப் பூங்காவுல மரம் வெட்டறப்ப ஏணியிலேர்ந்து விழுந்தவர். மாடி ஏற முடியாது. இதைவிட்டா டவுன்ல எங்களுக்குக் கிடைக்கிறதெல்லாம் மூணாம் மாடிதான்." குரலைத் தாழ்த்தினாள். "போறது எனக்குப் பெரிசில்ல மேடம். எங்கேயும் போய் நிப்பேன், நிக்கறதுதானே என் வேலை. ஆனா நேத்து அந்தய்யா இங்க வந்து, இவர் காது கேட்க, 'திருடி'ன்னு சொல்லிட்டுப் போனார். அப்ப சுவர்ப்பக்கம் திரும்பினவர்தான். தண்ணிகூடக் குடிக்கலை."

 பாஸ் சாவியை வாங்காமல் கேட்டாள்:

"சிலையை வெச்ச அன்னிக்கு நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேனே. அந்த ஒண்ணை வைக்க சிற்பி பகல் முழுக்க எடுத்துக்கிட்டார். மேல ஒரு கல் வளையம் இருக்கும் பாருங்க, அதுவும் அவர் செஞ்சதுதான். வளையத்து ஓட்டையில கண்ணை வெச்சுக்கிட்டு 'இடது பக்கம், இன்னும் மேல, கொஞ்சம் கீழ'ன்னு கத்திக்கிட்டே இருந்தார். வண்டி தள்ளினவங்க எல்லாம் அழாத குறை."

"எதுக்காம்?"

"ஓட்டை வழியா பார்த்தா அவ நட்டநடுவுல தெரியணுமாம். பெரியவங்களுக்கு இப்படியெல்லாம் ஒரு ஆசை."

பாஸின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை ரேடியோ பார்த்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, தன் காலுறையில் இருந்த ஓட்டையை அவள் கண்டுபிடித்த அன்று வந்த அதே வெளிச்சம்.

*

கல் வளையம் மேல்சரிவில், மாவரைக்கும் கல்லை நிமிர்த்தி வைத்தது மாதிரி நின்றது. பாஸ் அதன் துளையில் கண்ணை வைத்தாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஒதுங்கினாள்.

"நீங்க பாருங்க. என்ன தெரியுது?"

"பச்சைப் புல்லு. நடுவுல அந்தப் பொண்ணு. நூல் பிடிச்ச மாதிரி நட்டநடுவுல…" ரேடியோ தலையை வெளியே எடுத்தான். மறுபடி உள்ளே விட்டான். "பாஸ், புரிஞ்சுபோச்சு."

"என்ன?"

"அவ மட்டும் நடக்கலை. இந்த வளையமும் பின்னாடியே நடந்திருக்கு. புருஷன் பொண்டாட்டியா இருக்கும். அவ முன்னாடி, இவன் பின்னாடி, கையில குடை, பை, பிளாஸ்க்…"

"இந்த வளையம் பாதி மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்குங்க. பாசியைப் பாருங்க."

"அப்ப நடக்கலை."

"சரி. வளையம் நடக்கலை. வளையத்து நடுவுல அவ தெரியறா. அப்ப அவ?"

ரேடியோ வாயைத் திறந்தான். வார்த்தை வருவதற்குள் பாஸ் குடையை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். "வாங்க, அந்தப் பக்கம் டீ குடிச்சுட்டு வரலாம். எனக்குத் தாகமா இருக்கு."

வேலிக்கு அந்தப் பக்கத்து நிலம் ஒரு குண்டு மனிதருடையது. ஊரே அவரை பார்க்கிங்காரர் என்றது. முன்பு ஆடு மேய்ந்த இடத்தில் இப்போது கார்கள் மேய்ந்தன. ஒரு ஓரத்தில் தகரக் கூரை போட்டு டீக்கடை. "நடக்கும் பெண்ணைக் காண வந்தோரே, வருக" என்று ஒரு துணி தொங்கியது.

"உட்காருங்க, உட்காருங்க," என்றார் பார்க்கிங்காரர். டீயை ஆற்றும்போது கை வானத்துக்கும் பூமிக்கும் போய் வந்தது. "அவளைப் பார்த்தீங்களா? கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஒரு அடி வெச்சுடுவா. என் சம்சாரமே பார்த்திருக்கா."

"நல்ல கூட்டம்," என்றாள் பாஸ்.

"எல்லாம் அவ புண்ணியம். ஆட்டுக்காரனா இருந்தவன் மேடம் நான். நாலு காருக்கு இடம் விட்டேன். பார்த்தா பத்து வருது, பதினஞ்சு வருது."

"வாரா வாரம் கார் கூடுதே. இடம் எப்படிப் போதுது?"

டீ ஆற்றிய கை வானத்திலேயே நின்றுவிட்டது. "ஆண்டவன் குடுக்கிறான்," என்றார் பார்க்கிங்காரர், கையை மெதுவாக இறக்கியபடி.

பாஸ் கோப்பையோடு எழுந்து, கார்களுக்கு நடுவே காலாற நடந்தாள். ரேடியோ பின்னால் வந்தான். ஒரு வெள்ளைக் காருக்கும் சிவப்புக் காருக்கும் நடுவே அவனுடைய வலது கால் திடீரென்று காணாமல் போனது. முழங்கால்வரை மண்ணுக்குள். டீ முழுக்கச் சட்டையில்.

"ஏம்மா!" என்று அலறினான். ஒப்பந்தம் மறந்துவிட்டது.

பாஸ் அவனைத் தூக்கவில்லை. அவன் காலைச் சுற்றியிருந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பொலபொலவென்று புது மண். பிறகு குடையின் முனையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரையைக் குத்திக்கொண்டே போனாள். குடை எங்கே சுலபமாக இறங்கியதோ அங்கெல்லாம் நின்றாள். அந்த இடங்கள் கார்களுக்கு அடியில், ஒரே வரிசையில் போயின. அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. அதற்கும் பின்னால் இன்னொன்று. அங்கே மண் இறுகி, புல்லே முளைத்திருந்தது.

"எலி வளையா?" என்றான் ரேடியோ, குழிக்குள் நின்றபடி.

"எலி நூல் பிடிச்சு வளை தோண்டுமா? எழுந்திருங்க. போய் இயக்குநரைக் கூட்டிட்டு வாங்க. டேப்போட வரச் சொல்லுங்க. காவல்காரம்மாவையும் கூப்பிடுங்க."

*

சிலைக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். இயக்குநர் டேப்பைக் கையில் பிடித்திருந்தார். காவல்காரம்மா மூன்றடி தள்ளி, நிமிர்ந்து நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்கிங்காரர், துண்டை எதற்கென்று தெரியாமல் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"யார் நகர்த்தினதுன்னு தெரிஞ்சுபோச்சு," என்றாள் பாஸ்.

"நான் சொன்னேனே," என்று இயக்குநர் காவல்காரம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, இதுக்கு மேலயும்…"

"இருங்க. முதல்ல ஒரு தடவை அளந்து காட்டுங்க. எப்பவும் எப்படி அளப்பீங்களோ அப்படி."

இயக்குநர் டேப்பின் நுனியை வேலிக் கம்பத்தில் மாட்டினார். மறுநுனியைச் சிலையின் விரலுக்குக் கொண்டு வந்தார். "போன வாரத்தைவிடக் குறைஞ்சிருக்கு, பாருங்க."

"எங்கேயிருந்து அளந்தீங்க?"

"வேலியிலேர்ந்து. இந்தச் சரிவுல அசையாத பொருள்னு வேற என்ன இருக்கு?"

"இவ இருக்காளே," என்று பாஸ் சிலையைக் காட்டினாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இயக்குநர் முகம் சுருங்கியது.

"சார், தரையில விரிச்ச பாயை எடுத்தா அடியில தடம் தெரியும்ல? புல்லும் அப்படித்தான். ஒரு வாரம் வெயில் படலைன்னா வெளுத்துப் போயிடும். இந்தக் கல் வாரா வாரம் நகர்ந்து வந்திருந்தா, இவளுக்குப் பின்னாடி வெளுத்த தடம் தடமா சரிவு முழுக்க இருக்கணும். நான் கன்னத்தை வெச்சுப் பார்த்துட்டேன். ஒரே பச்சை. அதுவும் போதலைன்னா மேல போய் அந்த வளையத்துல கண்ணை வெச்சுப் பாருங்க. சிற்பி அன்னிக்கு வெச்ச இடத்துலதான் இவ இன்னும் நிக்கிறா. ஒரு விரல்கடை நகரலை."

"அப்ப என் அளவு…?"

"அளவு சரிதான். சிலை வேலிகிட்ட வரலை. வேலி சிலைகிட்ட வந்திருக்கு."

எல்லாத் தலையும் ஒன்றாக வேலிப்பக்கம் திரும்பின. இத்தனை நாள் யாருமே அதைப் பார்த்ததில்லை. வெண்கலப் பெண் இருக்கும்போது மரக் கம்பத்தை யார் பார்ப்பார்கள்? இப்போது பார்த்தபோது, கம்பங்களின் அடியில் மண் ஈரம் காயாமல் இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது.

"கார் நிக்கிற இடத்துல பழைய கம்பக் குழி வரிசை வரிசையா இருக்கு," என்றாள் பாஸ். "என் உதவியாளர் அதுல இறங்கியே ஆராய்ஞ்சுட்டார்."

ரேடியோ மண் அப்பிய காலைத் தூக்கிக் காட்டினான். "ஆண்டவன் குடுக்கிறான்னீங்களே அண்ணே. வேலியைத் தாண்டி வந்தா குடுக்கிறான்?"

பார்க்கிங்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். மறுத்துப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது. பிறகு தோள் தளர்ந்தது.

"முதல்ல ஒரே ஒரு அடிதான் சார். ஒரு வேன் திரும்ப முடியலைன்னு, விடுமுறை அன்னிக்கு நானும் என் தம்பியும் கம்பத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டோம். சத்தியமா அதோட விட்டிருப்பேன். மறுநாள் பார்த்தா சிலை நடந்துடுச்சுன்னு ஒரே பேச்சு. பேச்சு வந்தா கூட்டம் வருது. கூட்டம் வந்தா கார் வருது. கார் வந்தா இடம் வேணும். இடத்துக்குத் தள்ளினா, அவ மறுபடி நடந்துடறா. நான் என்ன சார் பண்ணுவேன்? நிறுத்தணும்னு நினைச்சாலும் அவ நிறுத்த விடலை."

"வேலி பயிரை மேய்ஞ்சு கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் ரேடியோ. "பூங்காவையே மேய்ஞ்சது இப்பத்தான்."

கூட்டம் சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. டேப்பை உள்ளே இழுத்தார். அது சர்ரென்று சுருண்டு அவர் விரலில் அடித்தது. பாஸை ஒதுக்கமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், வேலியைச் சத்தமில்லாம பின்னாடி வெச்சுக்கலாம். ஆனா… இவ நடக்கலைன்னு வெளியில தெரிஞ்சா இந்தக் கூட்டம் நாளைக்கு வராது. இந்தப் பூங்காவுக்கு இவ்வளவு பேர் வந்ததே இல்லை. இது நமக்குள்ள இருக்கட்டுமே? காவல்காரம்மா வேலையில இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. யாரு நகர்த்தினதுன்னு தெரியலைன்னு மட்டும்…"

அவர் நினைத்த அளவுக்குக் குரல் தாழவில்லை. காவல்காரம்மா அருகே வந்தாள்.

"தெரியலைன்னா, பாதிப் பேர் என்னைத்தான் நினைப்பாங்க அய்யா. உங்க கூட்டம் வரணும்னா நான் திருடியாவே இருக்கணுமா?"

இயக்குநர் தரையைப் பார்த்தார். அங்கே உதவிக்கு எதுவும் இல்லை, பச்சைப் புல்தான்.

"வேலை குடுக்கறேங்கறீங்க. வேலை என்கிட்டதான் இருந்துச்சு. நான் எதையும் எடுக்கலைங்கறது இன்னிக்கு இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். உள்ள படுத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியாது." வீட்டுப்பக்கம் கையைக் காட்டினாள். "நான் போய்ச் சொன்னா, என்னைத் தேத்தறதுக்கு இவ சொல்றான்னு நினைப்பார். நேத்து சொன்னது நீங்க. இன்னிக்கும் நீங்களே வந்து சொல்லுங்க."

"நாளைக்குக் காலையில ஒரு…"

"இப்ப," என்றாள் காவல்காரம்மா. கதவு சாத்தும் நேரமாகிவிட்டது என்று பார்வையாளர்களிடம் சொல்லும் அதே குரல். அந்தக் குரலுக்கு இதுவரை யாரும் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை.

அவர் நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு. அந்தப் பூங்காவில் ஒவ்வொரு கல்லுக்கும் இரும்புக்கும் அரைமணி நேரம் விளக்கம் சொல்லக்கூடிய மனிதர், இரண்டு அறை வீட்டின் வாசலில் வந்து நின்றதும் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ரெண்டு வார்த்தை கடன் வேணும்னா என்கிட்ட நிறைய இருக்கு சார்," என்று ரேடியோ ஆரம்பித்தான். பாஸின் விரல் அவன் விலாவில் இறங்கியது. குமிழ் அங்கேதான் இருந்தது.

உள்ளே கட்டில் முனகியது.

"யாரு வாசல்ல?"

இயக்குநர் செருப்பைக் கழற்றினார்.

"நான்தான்," என்றார். "நேத்து தப்பா அளந்தவன். உள்ள வரலாமா?"

ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. படுத்திருந்தவர் எழுந்து வந்துகொண்டிருந்தார்.